வடக்குப்பட்டு மொய் விருந்து

புனே
2 செப்டம்பர் 2024

காந்திமதிக்கு,

தொலைபேசியில் உன்னோடு பேச இரண்டு முறை முயன்றேன். முதல் முறை சிரித்தாய். இரண்டாம் முறை துண்டித்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு. படிக்கிறவர் குறுக்கே பேச முடியாது.

நடந்ததை நான் புரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன். தவறிருந்தால் திருத்து.

வடக்குப்பட்டில் உன்னுடைய பெண் தொழிலாளர் மன்றம் இயங்கும் வீட்டை அதன் உரிமையாளர் தாயாரம்மாள் இனி மாத வாடகைக்கு விடப்போவதில்லை. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு லீசுக்கு விடப்போகிறார். ஐப்பசிக்குள் நீங்கள் அந்தத் தொகையைக் கட்டவில்லையென்றால், ஒப்பந்தத் தொழிலாளர்களை அறைக்கு இருபது பேராக அடைக்கும் ஏஜெண்டு ஒருவருக்கு வீடு போய்விடும். அதன்பின், சூப்பர்வைசர்மேல் புகார் கொடுத்த குற்றத்துக்காக விடுதியை விட்டு வெளியே அனுப்பப்படும் பெண்ணுக்கு, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஒரு பாய் விரிக்க இடம் இருக்காது. ஜூன் மாதம் அழாத குறையாக இதை என்னிடம் சொன்னவள் நீ.

அதற்காகவே நான் மும்பை அறக்கட்டளை ஒன்றுக்கு உன் சார்பில் விண்ணப்பம் எழுதினேன். மூன்று ஆண்டுகளுக்கு நிதி தர ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. மொத்தத்தில் கால் பங்கை உள்ளூரில் நன்கொடையாக நீங்கள் திரட்டிக் காட்ட வேண்டும். உங்கள் மன்றத்தில் இருக்கும் பேராவூரணிப் பெண் சண்முகப்ரியா, தங்கள் ஊரில் ஆவணி மாதம் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டுவது வழக்கம் என்று சொன்னதாகவும், அதையே இங்கும் செய்யப்போவதாகவும் எழுதினாய். நான் தடுக்கவில்லை. கறிச்சோறு போட்டுப் பணம் திரட்டுவது கைநீட்டிக் கேட்பதைவிட மேலானது என்றே பதில் எழுதினேன். வரும் தொகை முழுவதும் திரும்பக் கேட்கப்படாத நன்கொடை என்று ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழும் தயாரித்து, பொருளாதாரப் பேராசிரியர் என்ற முறையில் கையெழுத்திட்டு அறக்கட்டளைக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 25 ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அறக்கட்டளையின் அதிகாரி சஞ்சய் நேரில் வந்தார். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக அவரே சொன்னார். கை கழுவிவிட்டு வந்து, ஒரு சம்பிரதாயத்துக்காக, இதெல்லாம் நன்கொடைதானே என்று உன்னைக் கேட்டார். நீ தலையசைத்திருந்தால் போதும். நீயோ மைக்கை வாங்கினாய்.

"இது யாரும் தர்மமா குடுத்த காசு இல்ல. உங்க வூட்டுல காதுகுத்தோ கல்யாணமோ எது நடந்தாலும் மன்றம் வரும். வாங்குனதைத் திருப்பிச் செய்யும், மேல புதுசாவும் ஒண்ணு செய்யும்."

கைதட்டல் நெடுநேரம் நீடித்ததாம். உன் வாசகத்தைச் சஞ்சய் அப்படியே தம் அறிக்கையில் எழுதி, அதற்குக் கீழே என் சான்றிதழை இணைத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று குறிப்பிட்டிருக்கிறார்.

முப்பது ஆண்டுப் பணியில் என் கையெழுத்தைப் பொய் என்று எவரும் எழுதியதில்லை. என் தங்கை எழுத வைத்திருக்கிறாள்.

பொன்னுரங்கம்


வடக்குப்பட்டு
9 செப்டம்பர் 2024

அண்ணா,

தவறிருந்தால் திருத்தச் சொன்னாய். ஒரு தவறு இருக்கிறது. ஜூனில் நான் அழவும் இல்லை, அழாத குறையும் இல்லை. எனக்கு ஜலதோஷம்.

மற்றதெல்லாம் சரி. ஆனால் நீ எழுதியதைப் படித்தால் ஏதோ வழக்கு மன்றத்தில் நடந்ததுபோல் இருக்கிறது. அன்று இங்கே எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பந்தல் போட்டோம். காலை ஷிப்டு விட்டவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராகப் பந்திக்கு வந்தார்கள், கழுத்தில் ஐடி கார்டோடு. மதிய ஷிப்டு பெண்கள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு, கையில் மசாலா வாசனை போகாமல் லைனில் போய் நிற்கப்போகிறோமே என்று சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டு ஆட்டுக்கறி அண்டாவும் நான்கு மணிக்குள் காலி. கறி கேட்டவர்களுக்கு நான் குழம்பை ஊற்றிச் சமாளித்தேன்.

மொய் மேசையில் சண்முகப்ரியா உட்கார்ந்தாள். முதல் ஆளாக வந்தது வீட்டுக்காரி தாயாரம்மாள். நம் பக்கத்து வழக்கப்படி, ஐயா பேரில் எழுதட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் சொன்னது எனக்குக் கைகழுவும் இடம் வரைக்கும் கேட்டது.

"அவரு பேரு இன்னாத்துக்கு? துட்டு என்னுது. எம்பேரைப் போடு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தியும் புருஷன் பெயரைச் சொல்லவில்லை, அப்பா பெயரைச் சொல்லவில்லை. ஊர் பெயர், தன் பெயர், தொகை. மைக்கில் அதைப் படித்தபோது சில பெண்கள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். நாங்குநேரிப் பக்கத்து உச்சிமாகாளி தன் பெயர் வந்ததைப் போனில் பதிவு செய்து, பஸ்ஸில் போட்டுக் கேட்கிறாளாம். நம் வீட்டு மொய் நோட்டில் அம்மா பெயர் ஒரு பக்கத்திலாவது இருந்ததா என்று யோசித்துப் பார்.

நன்கொடை என்று உண்டியல் வைத்திருந்தால் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டிருப்பார்கள். அது தப்பில்லை, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். ஓ.டி. பார்த்த காசை எடுத்து வைத்தார்கள் என்றால், அது தன் பெயரில் தன் வீட்டுக்குத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான். அவர்கள் எதிரில் நின்றுகொண்டு நான் தலையை ஆட்டியிருக்க வேண்டுமா?

அப்பா வருஷா வருஷம் வைகாசியில் மொய் செய்யவே ஊர் ஊராக சைக்கிளில் போனது உனக்கு மறந்திருக்காது. நான் பிளஸ் டூ முடித்து லைனில் நிற்கப் போனவள். மொய்யை நன்கொடை என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. அதற்கு எம்.ஏ. வேண்டியிருக்கிறது.

காந்திமதி


புனே
17 செப்டம்பர் 2024

காந்திமதிக்கு,

உன் கடைசி வரியை மூன்று பேராசிரியர்களிடம் படித்துக் காட்டினேன். இருவர் சிரித்தார்கள். நான் மூன்றாமவரோடு உடன்படுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். மொய்யைத் திருப்பிச் செய்யவேண்டும் என்பது வழக்கம். சட்டமன்று. எந்த நீதிமன்றமும் மொய் பாக்கிக்காக ஒருவரை அழைக்காது. திருப்பித் தரும் சட்டக் கடமை இல்லாத பணத்தை நன்கொடை என்று நான் சான்றளித்ததில் பொய் ஏதும் இல்லை. இதைச் சஞ்சய்க்கும் விளக்கினேன். அவர் தம் மேலிடத்தோடு பேசி ஒரு வழி கண்டிருக்கிறார். மொய் எழுதிய பெண்கள் ஒவ்வொருவரும், தாம் கொடுத்த தொகைக்கு எந்தப் பிரதிபலனையும் எதிர்பார்க்கவில்லை என்று ஒரு வரிக் கடிதத்தில் கையெழுத்திட்டால், அறக்கட்டளை அதை உள்ளூர்ப் பங்காக ஏற்கும். இந்தச் சலுகைக்காக நான் ஓர் இளைஞரிடம் கேட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. எவரிடமும் கேட்டுக்கொண்டு பழகியவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும்.

மேலும் ஒன்று. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல். மொய்யாக வந்ததை முழுதும் லீசுக்குக் கொடுத்துவிடுவீர்கள். தை பிறந்ததும் ஒவ்வொருத்தி வீட்டிலும் விசேஷம் தொடங்கும். அப்போது திருப்பிச் செய்ய, அதற்குமேல் புதிதாகவும் செய்ய, பணம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆவணி விருந்தில் வருவதை வைத்தா? பின்னால் வருகிறவர் பணத்தில் முன்னால் வந்தவருக்குத் தரும் ஏற்பாட்டுக்கு என் துறையில் ஒரு பெயர் உண்டு. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் சிறையில் இருக்கிறார்கள்.

கடிதத்தின் மாதிரியை இணைத்திருக்கிறேன். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துகள் வரவேண்டும். ஒப்பந்தத்தின் முழு வடிவத்தைச் சஞ்சய் உனக்கு நேரடியாக அனுப்புவார்.

பொன்னுரங்கம்


வடக்குப்பட்டு
28 செப்டம்பர் 2024

அண்ணா,

போன ஞாயிறு கூட்டம் போட்டோம். நீ அனுப்பியதைத் தமிழில் எழுதி நானே படித்தேன். ஒரு மாற்றமும் செய்யவில்லை, உன்மேல் ஆணை.

எனக்கு உள்ளுக்குள் பயம். வீடு போய்விடுமோ என்ற பயம் உன்னைவிட எனக்குத்தான் அதிகம். இப்போது முன்னறையில் இரண்டு பெண்கள் தங்கியிருக்கிறார்கள், ஒருத்திக்கு வேலையும் இல்லை, விடுதியும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று அவர்களை வைத்தே கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அதற்குள் சண்முகப்ரியா எழுந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க யாரும் வரமாட்டீங்கன்னுதானே அர்த்தம்?"

சட்டம் வேறு, வழக்கம் வேறு என்று நீ எழுதியதை எடுத்துச் சொன்னேன். தாயாரம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எம்பேரை மைக்குல கூப்பிட்டுட்டு இப்ப வேணாம்னு எழுதித் தரச் சொல்றியா, போம்மா, என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. தை மாதத்துக்குப் பணம் எங்கே என்று நீ கேட்டதற்கும் எங்களிடம் பதில் இல்லை. அதுவும் உண்மை.

சஞ்சய் அனுப்பிய ஒப்பந்தம் வந்தது. முன் பக்கங்கள் புரிந்தன. பதினோராம் பக்கத்தில் கடைசிப் பத்தியை நானும், மன்றத்து வழக்குகளைப் பார்க்கும் வக்கீலம்மாவும் இரண்டு முறை படித்தோம். நகலை இதோடு வைத்திருக்கிறேன். எங்களுக்குப் புரிந்தது தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீ படித்துச் சொல்.

காந்திமதி


புனே
6 அக்டோபர் 2024

அன்புள்ள காந்திமதிக்கு,

நீங்கள் புரிந்துகொண்டது சரி.

நிதிபெறும் அமைப்பு, நிதிக்காலம் முடியும்வரை, மாவட்டத்திலுள்ள எந்தத் தொழிற்கூடத்தின்மீதும் புகாரோ வழக்கோ தொடுக்கவும் கூடாது, தொடுப்பவருக்குத் துணை நிற்கவும் கூடாது. இதுதான் அந்தப் பத்தி. அடுத்த பத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு பெண்களின் வாழ்வு மாறிய கதையைப் புகைப்படத்தோடு அனுப்பச் சொல்கிறது. ஆக, பெண்ணுரிமைக்கு நிதி கொடுப்பார்கள். உரிமையைக் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டு, சிரித்தபடி படம் எடுத்து அனுப்பவேண்டும்.

ஜூலையில் எனக்கு வந்த வரைவை எடுத்துப் பார்த்தேன். அதில் இந்தப் பத்தி இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினரின் விருப்பம் என்று சஞ்சய் தயங்கிச் சொன்னார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டேன். வாகன உதிரிபாகம், ஒரகடத்திலும் ஒரு தொழிற்சாலை என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டு, அறக்கட்டளைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் சாரம் இது: "தாங்கள் தர முன்வந்தது நிதி அன்று, கூலி. வாயை மூடியிருப்பதற்கான கூலி. அந்தப் பணிக்கு எங்களிடம் ஆள் இல்லை." விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். சான்றிதழையும் திருப்பி வாங்கிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ இன்னும் கடுமையாக எழுதச் சொல்லியிருப்பாய், ஆங்கிலத்தில் அதற்குமேல் எனக்குச் சொல் இல்லை.

இப்போது வீடு. லீசுத் தொகைக்கு விருந்தில் வந்த மொய்யே போதும், அதைத் தொட்டுவிட்டால் தையில் என்ன செய்வது என்பதுதான் நம் பயம்.

வெள்ளிக்கிழமை முதலாண்டு மாணவர்களுக்கு வரவேண்டியது, தரவேண்டியது என்ற இரண்டு பத்திகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். லீசுத் தொகை செலவு அன்று. நீங்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில் தாயாரம்மாள் முழுதாகத் திருப்பித் தரவேண்டிய பணம். மொய் நீங்கள் திருப்பிச் செய்யவேண்டிய பணம். ஒரு பத்தியில் நிற்பதற்கு மறு பத்தியில் ஈடு நிற்கிறது. சிறைக்குப் போனவர்களிடம் அந்த ஈடு இருந்ததில்லை.

அடுத்து, தை மாதத்துக் கேள்வி. லீசுக்கு எடுத்தபின் உங்களுக்கு மாத வாடகை கிடையாது. ஆனால் உறுப்பினர்கள் மாதாமாதம் கொடுக்கும் சந்தாவில்தானே இதுவரை வாடகை கட்டினீர்கள்? அந்தச் சந்தா இனி அப்படியே மிஞ்சும். அதிலிருந்து மொய்யைத் திருப்பிச் செய்யுங்கள். எல்லார் வீட்டிலும் ஒரே மாதத்தில் விசேஷம் வராது. நான் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன், நான்கிலும் நிற்கிறது. மூன்று ஆண்டு முடிந்ததும் கைகழுவிவிட்டுப் போகும் எந்த நிதியைவிடவும் இது உறுதியானது. மாணவர்கள் நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை.

லீசு ஒப்பந்தத்தைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய். தாயாரம்மாள்மேல் சந்தேகம் இல்லை. அவருக்குப்பின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகள் பூர்ணிமா தீபாவளியை ஒட்டி அலுவலக வேலையாகச் சென்னை வருகிறாள். என் மொய்யைக் கொடுத்தனுப்புகிறேன். தானும் எழுதப்போவதாகச் சொல்கிறாள். விருந்து முடிந்தபின் மொய் வாங்குவீர்களா என்பதைச் சண்முகப்ரியாவிடம் கேட்டுச் சொல்.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்


வடக்குப்பட்டு
10 பிப்ரவரி 2025

அண்ணா,

எழுதத் தாமதம். தை மாதம் முழுக்க நாங்கள் பஸ்ஸிலேயே இருந்தோம்.

ஐப்பசியில் லீசு பதிவாகிவிட்டது என்று போனில் சொன்னேன். தாயாரம்மாள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாளே ஆள் வைத்து வீட்டுக்கு வெள்ளையடித்தார். வெள்ளை என்று சொல்கிறேனே தவிர, அது ரோஸ். எங்களைக் கேட்கவில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி ரோஸ் வீடு என்று கேட்டாலே இப்போது வழி சொல்கிறார்கள்.

பூர்ணிமா வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பூர்ணிமா, புனே என்று கம்பீரமாகச் சொல்லி எழுத வைத்தாள். உன் மொய்யை எப்படி எழுதுவது என்று குழப்பம் வந்தது. பேராசிரியர், முனைவர் என்று அவள் சொல்லச் சொல்ல, சண்முகப்ரியா இவ்வளவு எழுத இடமில்லை என்று நிறுத்திவிட்டாள். "காந்திமதி அண்ணன் பொன்னுரங்கம், பென்னலூர்." நம் சொந்த ஊர் பெயரோடு அப்படித்தான் நோட்டில் இருக்கிறது.

உச்சிமாகாளி ஊருக்குப் போய்வந்ததைச் சொல்ல வேண்டும். அவளைச் சீண்டிய சூப்பர்வைசர்மேல் போன வருஷம் நாங்கள் துணைக்கு நின்று புகார் கொடுத்தோம், அவன் வேலை போனது. ஆனால் சங்கம், ஸ்டேஷன் என்று போய்விட்டாள் என்று அவளுடைய அப்பா பிச்சையா அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவர் வீட்டு வாசலில் நாங்கள் போய் நிற்க முடியுமா? வழியே இல்லை. இந்தத் தையில் அவள் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. அவள் எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்ய நான்கு பேர் போனோம்.

பந்தலில் அவர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் நேராக மொய் மேசைக்குப் போனோம். அங்கே எழுதியவர் மைக்கில் படித்தார். வடக்குப்பட்டு பெண் தொழிலாளர் மன்றம், உச்சிமாகாளி செய்த மொய்க்குத் திரும்ப இவ்வளவு, புது மொய் இவ்வளவு. பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டில் ஒரு பெண் செய்த மொய் அவள் பெயரிலேயே திரும்பி வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிச்சையா கொஞ்ச நேரம் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே நின்றார். அப்புறம் ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, வந்தவிய சாப்ட்டாவளான்னு பாரு. மொதப் பந்தியிலயே உக்கார வையி."

பந்தியில் அவரே வந்து எதிரில் நின்றுகொண்டு, கம்பெனி பஸ் ராத்திரி ஷிப்டு பிள்ளைகளை விடுதி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுமா, இல்லை ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்று என்னிடம் கேட்டார். ரோட்டில்தான் இறக்குகிறார்கள், அதைத்தான் மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம் என்றேன். குடுங்க குடுங்க என்றார். அந்தத் தெருவில் மில் வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் கிளம்புகிற நேரத்தில் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

சங்கம் என்று போனால் வாசலோடு அனுப்பிவிடலாம் அண்ணா. மொய் செய்ய வந்தவர்களை யாரும் அப்படி அனுப்ப முடியாது. நான் நோட்டீஸ் கொடுத்துக் கொடுத்துப் போக முடியாத வீடுகளுக்குள் இப்போது உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

சந்தாப் பணம் போதுமானதாக இருக்கிறது. நீ போட்ட கணக்கில் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. பஸ் கட்டணம்.

காந்திமதி


புனே
20 ஏப்ரல் 2025

அன்புள்ள காந்திமதிக்கு,

பஸ் கட்டணத்தைச் சேர்த்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நிற்கிறது. வெளியூருக்கு நான்கு பேருக்குமேல் போகாதீர்கள்.

சஞ்சய் சென்ற வாரம் பேசினார். அறக்கட்டளை உங்கள் மொய் விருந்தை முன்மாதிரித் திட்டமாக ஆவணப்படுத்த விரும்புகிறதாம். ஆங்கிலத்தில் ஒரு புதுப் பெயரும் வைத்திருக்கிறார்கள். எட்டுச் சொற்கள். அவற்றில் மொய்யும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்தப் பதினோராம் பக்கத்துப் பத்தி இப்போதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் தலைவரும் குழு உறுப்பினர்களும் ஆவணியில் வடக்குப்பட்டுக்கு வந்து, வரிசையில் நின்று, தத்தம் பெயரில் மொய் எழுதலாம், அவரவர் வீட்டு விசேஷத்துக்கு மன்றம் வந்து திருப்பிச் செய்யும், வேறு எந்த ஒப்பந்தத்துக்கும் நாங்கள் தயாரில்லை என்று சொன்னேன். பிறகு அவர் தாழ்ந்த குரலில், தனிப்பட்ட முறையில் தாம் எழுதலாமா என்று கேட்டார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. அதை நிச்சயித்துவிட்டு வரச் சொன்னேன்.

நிச்சயித்தது என்றதும் நினைவுக்கு வருகிறது. பூர்ணிமாவின் திருமண அழைப்பிதழை இணைத்திருக்கிறேன். ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம். உங்கள் பெண்கள் வர வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே புனேயை விட்டு அங்கே மண்டபம் பார்த்தோம். மன்றத்துக்கென்று தனியாக நூறு அழைப்பிதழ்கள் பார்சலில் வருகின்றன. உன் அண்ணி ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவியிருக்கிறாள். எல்லாரும் வரவேண்டும்.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்


வடக்குப்பட்டு
29 ஏப்ரல் 2025

அண்ணா,

கார்டு வந்தது. படம் அழகு, எழுத்து அழகு. பூர்ணிமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கொடுத்தேன். கார்டு கார்டாகப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் கார்டை மடித்து வைத்தார்கள். எனக்கு விளங்கவில்லை. உச்சிமாகாளி கார்டை என்னிடம் நீட்டி அடியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அன்பளிப்புகளை அன்புடன் தவிர்க்கவும்."

படித்தவர்கள் வீட்டில் இப்படிப் போடுவது நாகரிகம், மரியாதைக்காகப் போடுவது என்று நான் சமாளித்தேன். சண்முகப்ரியா மட்டும் கேட்டாள். "சார் நம்மளோட கணக்கை முடிச்சுக்கிறாங்களாக்கா?"

பூர்ணிமா எழுதிய மொய், நீ எழுதிய மொய், இரண்டும் எங்களிடம் இருக்கின்றன. அவள் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று பங்குனியிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் ஷிப்டு மாற்றிக்கொள்ள எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறாயா?

திரும்ப எதையும் எதிர்பார்க்கவில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்துக் கேட்டார்கள் மும்பைக்காரர்கள். அவர்கள் நிதியே வேண்டாம் என்று நீ எழுதிய கடிதத்தை நான் தமிழில் சொல்லிக் காட்டியபோது இவர்கள் அப்படிக் கைதட்டினார்கள். இப்போது அதே வாசகத்தை நீ அச்சடித்து, மஞ்சள் தடவி, நூறு பிரதி அனுப்பியிருக்கிறாய்.

வரலாமா, வேண்டாமா? இரண்டில் ஒன்று எழுது.

காந்திமதி


புனே
6 மே 2025

அன்புள்ள காந்திமதிக்கு,

வரவேண்டும்.

அந்த வரியை நான் எழுதவில்லை. அச்சகத்தார் வழக்கமாகப் போடுவது. நான் அச்சுப்படியைத் திருத்தினேன், இரண்டு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்தேன், அந்த வரியைப் பிழை என்று கருதவில்லை. என்னோடு பணியாற்றுகிறவர்களிடையே அது பெருந்தன்மையின் அடையாளம். அவர்களுக்கு அனுப்பியவை அப்படியே இருக்கட்டும். அவர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். எனக்கும் அவர்களுக்கும் இடையில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

வடக்குப்பட்டுக்கு அந்த வரி இல்லாமல் நூறு பிரதி புதிதாக அச்சிட்டு அனுப்பியிருக்கிறேன். பழையவற்றைத் திரும்ப வாங்கிவிடு. உன் அண்ணி மறுபடியும் மஞ்சள் தடவினாள். என்னோடு பேசாமல் தடவினாள்.

காஞ்சிபுரம் மண்டப மேலாளரிடம் மொய் எழுத ஒரு மேசையும், பெயர் படிக்க மைக்கும் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். பேராசிரியர் வீட்டுக் கல்யாணத்தில் மொய்யா சார், இப்போதெல்லாம் பெரிய இடங்களில் யாரும் வைப்பதில்லையே என்றார். இது சிறிய இடம் என்றேன். மைக்குக்குத் தனிக் கட்டணம் என்றார். எவ்வளவு என்று கேட்காமல் ஒப்புக்கொண்டேன். எழுத ஆள் வேண்டுமா என்றும் கேட்டார். பேராவூரணியில் தேர்ந்த ஒருவர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன். சண்முகப்ரியாவுக்கு அன்று விடுப்புக் கிடைக்குமா என்பதை உடனே எழுது. கிடைக்காதென்றால் அவள் நிறுவனத்தின் மனிதவள அதிகாரியின் பெயரைக் கொடு. நானே அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்.

பூர்ணிமாவின் மொய் பூர்ணிமா பெயரில் படிக்கப்படவேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் தாயார் நெடுநேரம் யோசித்துவிட்டு, மன்றத்துக்குத் தம் பெயரிலும் ஒரு மொய் எழுதலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். எனவே அந்த அம்மாளையும் உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இரு. நாக்பூர். ரயில் கட்டணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்று. நீங்கள் வழக்கப்படி வாங்கியதைத் திருப்பிச் செய்துவிட்டு, மேலே புதிதாகவும் செய்வீர்கள். வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் புது மொய் ஜூன் எட்டாம் தேதி முதல் என் பெயரில் பாக்கியாக நிற்கும். அதைத் தபாலில் அனுப்பித் தீர்க்கமாட்டேன். ஆவணி விருந்துக்கு நானே வந்து செய்கிறேன். மதிய ஷிப்டு பெண்கள் உட்காரும் முன்பந்தியில் எனக்கு ஓர் இடம் வை. கறி தீர்ந்தபிறகு நீ குழம்பை ஊற்றிச் சமாளிக்கும் பந்தியில் வேண்டாம்.

உன் அண்ணன்
பொன்னுரங்கம்